கடல் கடந்த தமிழ்த் தெரு



இராமநாதபுரம் சீமை என்று முன்னாளில் வழங்கிய வறண்ட நிலப்பகுதியிலே, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கடந்து சென்றால், வீரசோழன் என்றோர் ஊரைக் காணலாம். 1985 ஆம் ஆண்டு முதல் அவ்வூர் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. பாண்டி நாட்டின் நடுவே சோழன் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்வூரே என் ஊர். கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒருங்கே கேட்கும் ஊர் அது. மழை பெய்தால் கண்மாய் பெருகும். கண்மாய் பெருகினால் நெல் விளையும். மழை பொய்த்தால் கருவேல மரங்களும் கரம்பு நிலமுமே கண்ணுக்குத் தெரியும். அத்தகைய நிலத்தில் பிறந்தவர்களுக்குப் பிறந்த ஊரின்மேல் பற்றும் மிகுதி. பிறந்த ஊரை விட்டுப் போக வேண்டிய தேவையும் மிகுதி. போனவர்கள் எங்கே போனார்கள், போன இடத்தில் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று நாம் கேட்பது அரிது. அப்படிக் கேட்கத் தவறிய ஓர் ஆசிரியன் நான். அத்தவற்றிலிருந்து நான் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1993 ஆம் ஆண்டு, தை மாதம். எங்கள் தெருவில் வாழ்ந்த முதிய பெண்மணி ஒருவர் மாலை வேளையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கையில் வெளிநாட்டு அஞ்சல் தலை ஒட்டிய உறை ஒன்று இருந்தது. "வாத்தியாரய்யா! அண்ணன் வீட்டுக் கடுதாசி வந்திருக்கு. படிச்சுச் சொல்லுங்க" என்றார். அவருடைய தமையனார் 1920 களில் ஊரை விட்டுச் சென்றவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து கடற்கால் ஒன்றைக் கடந்து சுமத்திரா தீவை அடைந்து, மேடான் என்னும் நகரிலே தங்கிவிட்டவர். முதலில் மாட்டு வண்டி ஓட்டி, பின்னர்ச் சிறு கடை வைத்து வாழ்ந்து, அங்கேயே மறைந்தும்விட்டவர். அவர் இருந்தவரையில் தமிழில் கடிதம் வந்தது. அவர் மகன் காலத்தில் பிழை மலிந்த தமிழில் இரண்டோ மூன்றோ வந்தன. பின்பு நெடுங்காலம் ஒன்றும் வரவில்லை. இப்போது வந்திருப்பது பேரன் எழுதியது.

உறையைப் பிரித்தேன். எழுத்து ஆங்கில எழுத்து. மொழியோ ஆங்கிலம் அன்று. வரிவரியாகப் பார்த்தும் பொருள் விளங்கவில்லை. ஆயினும் இடையிடையே சில சொற்கள் எங்கோ கேட்டவை போல இருந்தன. 'கபால்' என்றொரு சொல். 'கெடாய்' என்றொரு சொல். 'பெத்தி' என்றொரு சொல். 'குயில்' என்பது போல் ஒலித்த மற்றொரு சொல். சுமத்திராவில் குயில் கூவுகிறது போலும் என்று எண்ணி நான் நகைத்தேன். "பாட்டி, இது மலாய் மொழியைச் சேர்ந்தது. படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்குப் பின் நேர்ந்ததை இறுதியில் சொல்வேன். அக்கடிதம் புறப்பட்ட இடம் எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

மேடான், இந்தோனேசிய நாட்டின் வட சுமத்திரா மாநிலத்திற்குத் தலைநகர். சுமத்திரா தீவின் நகரங்களுள் பெரியது அதுவே. 20 இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கின்றனர். மலாக்கா நீரிணையின் கரையில் உள்ள பெலாவான் அதன் துறைமுகம். நகரத்தினின்று துறைமுகம் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது. டெலி, பாபுரா என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், 1590 ஆம் ஆண்டில் குரு பத்திம்புஸ் என்னும் காரோ இனத் தலைவர் ஒரு சிற்றூரை அமைத்தார் என்றும், அச்சிற்றூரே வளர்ந்து மேடான் ஆயிற்று என்றும் அந்நகர மக்கள் போற்றிச் சொல்வர். அந்நகரின் நடுவே, பாபுரா ஆற்றை அடுத்து, ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதன் பழம்பெயர் கம்போங் கெலிங். இன்றைய பெயர் கம்போங் மதராஸ். கம்போங் என்பது சிற்றூரையும் குடியிருப்பையும் குறிக்கும் மலாய்ச் சொல். மதராஸ் இன்னதென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

சுமத்திராவில் மதராஸ் எவ்வாறு தோன்றியது? அதற்கு விடை ஒரு புகையிலை இலையில் இருக்கிறது. 1863 ஆம் ஆண்டில் நீன்ஹாய்ஸ் என்னும் டச்சு வணிகர் டெலி நாட்டிற்கு வந்து, அந்நாட்டுச் சுல்தானிடம் நிலம் பெற்றுப் புகையிலை பயிரிட்டார். டெலி மண்ணில் விளைந்த இலை மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருந்தமையால், சுருட்டின் மேலுறைக்கு அதனினும் சிறந்தது இல்லை என்று ஐரோப்பிய வணிகர் கருதினர். ஆம்ஸ்டர்டாம் சந்தையில் அதற்குப் பொன்விலை கிடைத்தது. 1869 இல் டெலிக் கம்பெனி நிறுவப்பட்டது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. 1887 இல் மேடான் கிழக்குச் சுமத்திராவின் ஆட்சித் தலைநகராக உயர்ந்தது.

தோட்டம் எழுந்தால் உழைக்கும் கைகள் வேண்டுமல்லவா? சீனத்திலிருந்தும், பின்னர்ச் சாவகத் தீவிலிருந்தும் ஆயிரமாயிரமாகத் தொழிலாளர் கொணரப்பட்டனர். தமிழர்களும் சென்றனர். புகையிலைச் செடியைப் பேணும் வேலை பெரும்பாலும் சீனரிடம் இருந்தது. சாலை போடுதல், வாய்க்கால் வெட்டுதல், மாட்டு வண்டி ஓட்டுதல் ஆகியவை தமிழர்க்குரிய தொழில்களாயின. இன்று மேடானுக்குச் செல்வோர் அகன்ற சாலைகளைக் கண்டு வியக்கலாம். அவற்றின் அடித்தளத்தில் நம் மக்களின் வியர்வையும் உண்டு.

அவர்கள் ஏன் சென்றார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பங்கள் விதை நெல்லையும் உண்டு தீர்த்துவிட்டு வழியறியாது நின்றன. இலங்கை, பருமா, மலேயா என்று கூட்டம் கூட்டமாக மக்கள் கப்பலேறிய காலம் அது. டச்சுக்காரர் ஆண்ட நாட்டிற்குத் தொழிலாளரை ஒப்பந்தம் செய்து நேரே அனுப்ப ஆங்கில இந்திய அரசு இசையவில்லை. ஆகவே பினாங்கு வரை ஆங்கிலேயர் ஆட்சியில் பயணம் செய்து, அங்கிருந்து நீரிணையைக் கடந்தவர்களே மேடான் தமிழரில் பலர்.

கடந்து சென்றவர்களுக்குக் காத்திருந்தது சொர்க்கம் அன்று. 1880 இல் டச்சு அரசு இயற்றிய கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றம். வேலையை விட்டவன் கடனாளி ஆகவில்லை, கைதியே ஆனான். கூலியாளைச் சிறைக்கு அனுப்பும் அவ்விதி 1931 இல் அறிவிக்கப்பட்ட சட்டத்திற்குப் பின்னரே படிப்படியாக மறைந்தது. புகையும் சுருட்டின் மணத்தை நுகர்ந்தவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். அதற்காக உழைத்தவனுக்குத் தன் கால் தனக்குச் சொந்தமில்லை.

இவ்வாறு சென்ற மக்கள் கையிற் சிறிது பொருள் சேர்ந்ததும் செய்த முதற்செயல் யாது? தமக்கென மாளிகை கட்டிக்கொள்ளவில்லை. 1884 இல் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தார்கள். ஆண்டைக் கவனியுங்கள். மேடான் தலைநகராவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அம்மன் கோயில் எழுந்துவிட்டது. மாரி என்பது மழை. மழை பொய்த்ததால் ஊரை விட்டவர்கள், ஆண்டு முழுதும் மழை பொழியும் நாட்டிலே மழைத் தெய்வத்திற்குக் கோயில் எடுத்தார்கள் என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி அன்றோ! தெய்வத்தை அவர்கள் தேவை கருதி மட்டும் வழிபடவில்லை. ஊரின் நினைவாகவும் வழிபட்டனர். தேயுக்கு உமார் சாலையில் அக்கோயிலின் கோபுரம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

கோயிலுக்கு அண்மையிலேயே பள்ளிவாசலும் எழுந்தது. தென்னிந்திய முசுலிம்கள் 1887 இல் நிறுவிய கௌதியா பள்ளிவாசல் ஜைனுல் அரிபின் சாலையில் இருக்கிறது. வணிகத்திற் புகழ் பெற்ற நகரத்தார் நகரின் மற்றொரு பகுதியில் முருகனுக்குக் கோயில் அமைத்தனர். சீக்கியர்களின் குருத்துவாரமும் மாரியம்மன் கோயில் இருக்கும் வட்டாரத்திலேயே உண்டு. தமிழ்ப் பௌத்தர்களும் மேடானில் வாழ்கின்றனர். அண்மைக் காலத்தில், 2005 ஆம் ஆண்டில், தமிழகத்திலிருந்து சென்ற பாதிரியார் ஒருவரின் முயற்சியால் நகரின் மற்றொரு பகுதியில் வேளாங்கண்ணி அன்னைக்குப் பெரிய ஆலயம் ஒன்று எழுந்தது. அதன் தோற்றம் கோபுரங்களும் குவிமாடங்களும் கலந்த இந்திய முறையில் அமைந்தது. எங்கள் வீரசோழனில் மணியோசையும் பாங்கொலியும் கலந்து கேட்பதாகச் சொன்னேன். அக்கலப்பொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதனையும் தம்மோடு கொண்டு சென்றார்கள் போலும்!

தமிழர் சுமத்திராவிற் கால் வைத்தது புகையிலைக் காலத்தில்தான் என்று எண்ணிவிடலாகாது. 1025 ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனுடைய கடற்படை அலைகடல் கடந்து சென்றது. அவன் வென்றனவாகத் தஞ்சைக் கல்வெட்டுக் கூறும் இடங்களுள் ஸ்ரீவிசயம், பண்ணை, இலாமுரிதேசம் ஆகியவை சுமத்திரா தீவைச் சார்ந்தவை என்பது வரலாற்று அறிஞர் முடிபு. படை சென்றது; திரும்பியது. வணிகரோ சென்று தங்கினர். சுமத்திராவின் மேற்குக் கரையில், கருப்பூரத்திற்குப் பெயர் போன பாரூசு என்னும் இடத்தில், 1088 ஆம் ஆண்டிற்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே கூடி, மரக்கலத்தோடு வருவோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி முடிவு செய்த செய்தியை அக்கல் கூறுகின்றது. மேடானுக்கும் கடலுக்கும் இடையே உள்ள கோத்தா சீனா என்னும் பழந்துறையில், தென்னிந்தியச் சிற்ப முறையில் அமைந்த புத்தர் சிலைகளும் திருமால் சிலையும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 12 ஆம் நூற்றாண்டு முதல் 14 ஆம் நூற்றாண்டு வரை அத்துறை செழித்திருந்ததாக ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர்.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. மேடானுக்குத் தெற்கே மலைநாட்டில் வாழும் காரோ மக்களிடையே செம்பிரிங் என்றொரு குலம் இருக்கிறது. அக்குலத்தின் கிளைப் பெயர்களுள் சில இவை: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா. சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளர் என்னும் பெயர்களின் எதிரொலியை அவற்றில் அறிஞர் கேட்கின்றனர். அம்மக்கள் பேசுவது காரோ மொழி. வாழ்வது காரோ வாழ்வு. தமிழ் அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் சோலியா என்னும் பெயர் மட்டும் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றது. பாண்டி நாட்டுப் பொட்டலில் வீரசோழன். சுமத்திரா மலையில் சோலியா. மன்னர் மறைந்தனர், மணிமுடிகள் மண்ணாயின. பெயர் நின்றது.

பெயரைப் பற்றிப் பேசும்போது, கெலிங் என்னும் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்தது அச்சொல் என்பர். பழைய மலாய் இலக்கியங்களில் அது தென்னிந்திய நாட்டையும் மக்களையும் குறிக்கும் பொதுப்பெயர், அதில் இழிவில்லை. பினாங்கில் 1801 இல் தோன்றிய புகழ்பெற்ற பள்ளிவாசலுக்குக் கப்பித்தான் கெலிங் என்பதே பெயர். அங்கே அது தலைவரைச் சுட்டும் மதிப்புப் பெயர். ஆனால் காலம் மாறியது. வணிகனாய் வந்தபோது மதிப்பாக ஒலித்த சொல், கூலியாய் வந்தபோது இகழ்ச்சியாக ஒலித்தது. சொல் ஒன்றே, சொல்பவரின் பார்வை வேறு. தெருவில் நடந்து செல்லும் சிறுவனைப் பார்த்துப் பிறர் அச்சொல்லைக் கூவும்போது அவன் தலை கவிழ்ந்தது. ஆதலால் அக்குடியிருப்பு மக்கள் தம் இடத்தின் பெயரை மாற்ற விரும்பினர். கம்போங் கெலிங் கம்போங் மதராஸ் ஆயிற்று. அரசின் பகுதிப் பெயர்களுள்ளும் மதராஸ் உலு என்பது இடம்பெற்றுவிட்டது.

இங்கே ஒரு புதுமையைக் காணுங்கள். 1969 இல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. 1996 இல் மதராஸ் நகரம் சென்னை எனப் பெயர் பெற்றது. தாயகம் விட்ட பெயரைக் கடலுக்கு அப்பால் ஒரு தெரு காத்து வருகிறது! நாம் வேண்டாவென்று வைத்த பெயர் அவர்களுக்குத் தன்மானத்தின் பெயர். ஒருவரை எப்பெயரால் அழைப்பது என்பது சிறிய செய்தி அன்று. வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் பிறரை இழிபெயரிட்டு அழைக்கும் மாணவர் எவரேனும் இருந்தால், ஓர் ஊரே தன் பெயரை மாற்றிக்கொண்ட இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, கடிதத்தில் நான் கண்ட அச்சொற்களுக்கு வருவோம். கபால் என்பது கப்பல். கெடாய் என்பது கடை. பெத்தி என்பது பெட்டி. குயில் என்று நான் நகைத்த சொல் பறவை அன்று, கோயில்! மலாய் மொழியிலும், அதனை அடியாகக் கொண்ட இந்தோனேசிய மொழியிலும் இத்தகைய தமிழ்ச் சொற்கள் பல உள்ளன. குளம் கோலாம் ஆயிற்று. கட்டில் கத்தில் ஆயிற்று. வணிகத்தில் இடும் முதல் மோடால் ஆயிற்று. சுருட்டு செருத்து ஆயிற்று. டெலிப் புகையிலையை எதற்காகப் பயிரிட்டார்களோ அப்பொருளின் பெயரே தமிழ் தந்ததாகும். இச்சொற்களிற் பல, தோட்டத் தொழிலாளரோடு சென்றவை அல்ல. அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்னரே வணிகரோடு சென்றவை. இன்று பல கோடி மக்கள், தமிழ் என்று அறியாமலேயே அவற்றை நாள்தோறும் வழங்குகின்றனர்.

ஆனால் அதே நாட்டிலே, தமிழர் குடும்பங்கள் பலவற்றில் தமிழ் மங்கிவிட்டது. இது ஏன் நிகழ்ந்தது? அண்டை நாடாகிய மலேசியாவில் 500 க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இயங்குகின்றன. இந்தோனேசியாவில் அத்தகைய பள்ளி அமைப்பு உருவாகவில்லை. விடுதலை பெற்ற இந்தோனேசியா, நூற்றுக்கணக்கான மொழிகள் பேசும் தீவு மக்களை ஒன்றாக்க இந்தோனேசிய மொழியைப் பள்ளி மொழியாக்கியது. அது அந்நாட்டிற்கு இன்றியமையாத செயல். ஆயினும் சிறுபான்மையினரின் மொழி வீட்டிற்குள் ஒடுங்கியது. 1957 க்குப் பின் டச்சுத் தோட்டங்கள் நாட்டுடைமையாயின. பழைய பிழைப்பு வழிகள் மாறின. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவிற்கும் மலேசியாவிற்கும் பகை மூண்டது. பினாங்கோடு இருந்த நெருங்கிய போக்குவரத்து அறுந்தது. நாகப்பட்டினத்துக் கப்பல் போக்குவரத்தும் பிற்காலத்தில் நின்றது. புதிதாகத் தமிழ் பேசி வருவோர் இல்லை. இருப்போரின் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் பேசுவது வேறு மொழி. மூன்றாம் தலைமுறையில் தமிழ் காதுக்கு மட்டும் உரியதாயிற்று. நான்காம் தலைமுறையிற் பலருக்கு அதுவும் இல்லை.

தெருவும் மாறிவிட்டது. பெரிய அங்காடி மாளிகை ஒன்று குடியிருப்பின் விளிம்பிலேயே எழுந்துள்ளது. நிலத்தின் விலை உயர்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல நகரின் பிற பகுதிகளுக்குப் பெயர்ந்தன. இன்று அத்தெருக்களில் சீன மரபினரும் பிறரும் மிகுதியாக வாழ்கின்றனர். ஆனாலும் தீபாவளி வந்தால் சிதறிய குடும்பங்கள் அம்மன் கோயிலில் வந்து கூடுகின்றன. மணமக்கள் அங்கே மாலை மாற்றிக்கொள்கின்றனர். வாழ்வது எங்கேயாயினும் வந்து சேர்வதற்கு ஓர் இடம் இருக்கிறது. தெரு என்பது வீடுகளின் வரிசை மட்டுமன்று. வந்து சேரும் இடம் இருக்கும் வரையில் தெரு இருக்கிறது. அம்மக்கள் தமிழை மறந்தார்கள் என்று நாம் எளிதிற் குறை கூறிவிடலாகாது. பள்ளியும் நூலும் செய்தித்தாளும் கப்பலும் இன்றி, நூறாண்டுக்கு மேலாக அவர்கள் காத்தவை எவையோ அவையே வியக்கத்தக்கவை. பள்ளியும் நூலகமும் வானொலியும் வாய்த்த நாம் எவ்வளவு காத்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே முறை.

இனி என் கதையை முடிக்கிறேன். கடிதத்தை வாங்கி வைத்த நான் அதனை ஒரு நோட்டுப் புத்தகத்தின் இடையே செருகினேன். பள்ளியில் ஆண்டுத் தேர்வுக்குரிய வேலை வந்தது. பாட்டி இருமுறை என்னை வழியில் நிறுத்திக் கேட்டார். "ஆள் கிடைக்கவில்லை, பாட்டி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன். இரண்டாம் முறை அவர் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்துவிட்டுப் போனார். சித்திரை மாதம் அவர் காலமானார். வைகாசியில், மலேசியாவில் உணவுக் கடை ஒன்றில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய அன்பர் ஒருவரைச் சந்தையிற் கண்டேன். வெட்கத்தோடு அக்கடிதத்தை நீட்டினேன். மலாயும் இந்தோனேசிய மொழியும் நெருங்கிய உறவுடையவை ஆதலின், அவர் தடையின்றிப் படித்துப் பொருள் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பேரன் எழுதியிருந்தது இதுதான்: "என் தாத்தா கப்பலில் வந்தவர். கோயிலுக்கு அருகே கடை வைத்திருந்தார். அவருடைய பெட்டியில் கிடந்த உறையின் மேல் இந்த முகவரியைக் கண்டேன். தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தாராம். அவர் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோயிலில் வழிபடும்போது சொல்ல வேண்டும். அந்தப் பெயரை மட்டும் எழுதியனுப்புங்கள்."

மாணவர்களே! அப்பெயரைச் சொல்ல வேண்டியவர் எங்கள் தெருவிலேயே மூன்று மாதம் காத்திருந்தார். அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டிய பெயரை, அவர் மறைந்த பின் நான் எழுதியனுப்பினேன். ஆங்கில எழுத்திலும் எழுதினேன். அதன் கீழே தமிழிலும் எழுதினேன். அவர் காலமான செய்தியையும், கடிதம் ஏன் காலந்தாழ்ந்தது என்பதையும் மறைக்காமல் எழுதி, அன்பரைக் கொண்டு மலாயில் பெயர்த்து அனுப்பினேன்.

சில மாதம் கழித்து மறுமொழி வந்தது. கடிதம் இல்லை, ஒரு புகைப்படம் மட்டும். மேடான் மாரியம்மன் கோயிற் கோபுரம் அதில் இருந்தது. பின்புறம் திருப்பினேன். பாட்டியின் பெயர் தமிழ் எழுத்தில் இருந்தது. எழுதப் பழகிய கை அன்று. என் எழுத்தைப் பார்த்துப் படம் வரைவது போல் வரைந்த கை. ஒரு சுழி கூடுதலாக இருந்தது. ஒரு கொம்பு சாய்ந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் எத்தனையோ விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். அந்தப் பிழையை மட்டும் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீடுகளிலும் பழைய பெட்டிகள் இருக்கும். பருமாவிலிருந்தும், இலங்கையிலிருந்தும், மலேயாவிலிருந்தும், சுமத்திராவிலிருந்தும் வந்த கடிதங்கள் அவற்றுள் இருக்கக்கூடும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும், அவற்றிற் கண்ட பெயர்கள் யாருடையவை என்று சொல்லத் தெரிந்தவர்களும் இன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கலாம். ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகே சென்று அமருங்கள். ஊர் பெயர், கப்பல் ஏறிய துறை, போன ஆண்டு, பிரிந்தவர் பெயர் இவற்றைக் கேட்டு எழுதுங்கள். தேர்வு முடியட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான் சொன்னதை நீங்கள் சொல்ல வேண்டாம்.